பெட்டிச் சேலை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு வைகாசிக் கடைசியில், நாங்கள் தென்காசிக்குக் குடி வந்தோம். என் கணவருக்கு அங்கே ஒரு மர டிப்போவில் வேலை. மலையிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் மரத்தடிகளை அளந்து, அடிமுனையில் தார் மையால் எண் போட வேண்டும். அதுவரை நாங்கள் இருந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டில். அங்கே ஒரு குடம் தண்ணீருக்கு ஊருக்கு வெளியே நடந்துபோய், ஊற்றில் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்ப வேண்டும். தென்காசி வீட்டில் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் ஆழத்தில் கிடந்தது. வந்த அன்று அந்தக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று என் கணவர் பயந்துபோனார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையில் மூன்று மாதப் பிள்ளை. அவனுக்கு முன்னால் ஒன்று பிறந்து, ஒரு பங்குனி வெயிலில், வயிற்றுப்போக்கு வந்து போய்விட்டது. அதனால் இவனை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. இவன் தும்மினாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். வெயிலுக்குப் பயந்துதான் நான் இந்த ஊருக்கு ஓடிவரச் சம்மதித்தேன். குளிர்ந்த ஊர், தண்ணீர் உள்ள ஊர், இங்கே பிள்ளை பிழைத்துவிடும் என்று நம்பினேன்.

வீடு குற்றாலம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பாகம். தெற்குப் பாகத்தில் வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தாள். வடக்குப் பாகம் எங்களுக்கு. நடுவில் ஒரு கதவு. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலைதான் உடுத்துவாள். அந்த ஊர் வழக்கப்படி நாங்களும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டோம். வீடு கேட்டுப் போனபோது, நாங்கள் யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று எதையும் அவள் விசாரிக்கவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வெள்ளிக்கிழம தவறாம வெளக்குப் போடுவியா?”

“போடுவேன் ஆச்சி” என்றேன்.

“அப்பம் சாமானை எறக்குங்க.”

எதற்கு விளக்கு என்பது உள்ளே போனதும் தெரிந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த அறையில், உத்தரத்திலிருந்து கயிற்றில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கியது. மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. எங்கள் பக்கத்திலும் இது உண்டு. வாழ்கிற வயதில் ஒரு பெண் போய்விட்டால், அவளுக்கென்று ஒரு புதுச் சேலை, வளையல், சீப்பு, குங்குமம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கட்டித் தொங்கவிட்டு, வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுச் சேலை மாற்றுவார்கள். என் பிறந்த வீட்டிலும் என் அத்தை ஒருத்திக்கு அப்படி ஒரு பெட்டி இருந்தது. ஆகவே பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பெட்டி ஆச்சியின் ஒரே மகளுக்கானது. பேறுகாலத்தில் போனவள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கணவனை இழந்தவள் அந்த விளக்கை ஏற்றக்கூடாது என்று ஆச்சி நினைத்தாள். அதனால்தான் குடிவருகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டியிருந்தது. யாருடைய மகளுக்கோ விளக்கேற்றத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு எரிச்சல். என் கணவருக்குக் கோபம் என்பதே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு வந்துவிடும்.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. முதல் பத்து நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேற்குச் சன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேகம் கொஞ்சம் விலகினால் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அப்படியே வீட்டுக்குள் நுழையும். கரிசலில் புழுங்கிச் செத்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? சன்னலை மூடவே மாட்டேன். ஊருக்குக் கடிதம் போட்டபோதுகூட, “இங்கே விசிறியைக் கண்ணால் பார்த்துப் பத்து நாள் ஆகிறது” என்று கணவரிடம் சொல்லி எழுதவைத்தேன்.

அப்புறம்தான் சங்கடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சாடியில் இருந்த உப்பு தண்ணீராகிப் போனது. தீப்பெட்டி ஒன்றைக் கிழித்துத் தீர்த்தாலும் ஒரு குச்சி பற்றாது. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கம்பு மாவு கட்டி கட்டியாகப் பூசணம் பூத்தது. விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. கொல்லையில் பாசி வழுக்கி நான் இரண்டு தரம் விழுந்தேன். எல்லாவற்றையும்விட, துணி காயவில்லை. காலையில் போட்டது மறுநாள் காலையிலும் அதே ஈரத்தோடு, ஒரு நாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு கிடந்தது. கரிசலில் ஒரு முனையைப் பிழிந்து கொடியில் போட்டு மறுமுனைக்கு வருவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். துணி காய்வதும் ஒரு காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அது துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். கடை வாசலில் வரிசையில் நின்று, நம் முறை வரும்போது துணி மிச்சமிருந்தால் உண்டு. பிள்ளைக்குத் துணியென்று என்னிடம் இருந்தவை எட்டே எட்டு. என் பழைய சேலையிலும் அவருடைய கிழிந்த வேட்டியிலும் கிழித்தவை. நான் உடுத்தியிருந்த சேலையில் மூன்று இடத்தில் ஒட்டு.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை ஆச்சி நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு புதுச் சேலை. நல்ல சிவப்பு நூல் சேலை, மஞ்சள் கரை. அந்தத் தட்டுப்பாட்டில் அதை எங்கே பிடித்தாளோ தெரியாது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியை இறக்கி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, வசம்பும் வேப்பிலையும் போட்டு, திரும்பவும் கயிற்றில் கட்டினாள். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒட்டுப்போட்ட சேலை, இல்லாதவளுக்குக் கோடிச் சேலையா என்று எனக்கு உள்ளே கொதித்தது. கும்பிட்டேன், ஆனால் அது கும்பிடே இல்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துச் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஆறு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்குச் சளி கட்டியது. ஐந்தாம் நாள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே வாங்கியது. பால் குடிக்க வாயை வைப்பான், மூச்சு முட்டும், விட்டுவிடுவான். அழுதால் சத்தம் வராது, முகம் மட்டும் சுருங்கும். நனைந்த துணியை எடுத்துவிட்டு இன்னொரு நனைந்த துணியைத்தான் போட்டேன்.

ஆறாம் நாள் பகலில், கணவர் டிப்போவுக்குப் போன பிறகு, சட்டியில் தணலைப் போட்டு, அதன்மேல் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, நான்கு துணிகளை விரித்துப் போட்டேன். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் உலர்த்துவார்கள். தணல் எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஓமத்தண்ணீர் போட அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் புகை. கூடையும் துணியும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தன. தூக்கி முற்றத்தில் எறிந்தேன். இத்தனை நாள் எதுவும் பற்றாத வீட்டில் அது மட்டும் நன்றாகப் பற்றியது. மிச்சம் நான்கு துணியும் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கின. பிள்ளை பாயில் ஈரத்தில் கிடந்தான். தொட்டுப் பார்த்தேன். கால் இரண்டும் சில்லென்று இருந்தன.

நிமிர்ந்தேன். பெட்டி தெரிந்தது.

முக்காலியைப் போட்டு ஏறினேன். யோசித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்ததும் வசம்பு வாசனை வந்தது. அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கியதால் சேலை மொடமொடவென்று காய்ந்திருந்தது. அந்த வீட்டிலேயே காய்ந்திருந்த ஒரே துணி அதுதான். அதை வெளியே எடுத்தபோது, பெட்டியைப் பார்த்து, “உனக்கு எதுக்கு இது?” என்று சத்தமாகவே கேட்டேன். பிறகு கரையைப் பல்லால் கடித்து நான்காகக் கிழித்தேன். கஞ்சி விறைப்புப் போகக் கையால் கசக்கி, ஒன்றை அடியில் போட்டு, ஒன்றைச் சுற்றிப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் கால் சூடானது. மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் கண்ணை மூடித் தூங்கினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அடுப்பில் வைத்த சட்டியைத் தொட்டது போல நெற்றி சுட்டது. எனக்கு மடமடவென்று எல்லாம் ஞாபகம் வந்தது. பச்சைப்பிள்ளைக்குப் பழந்துணிதான் போட வேண்டும், கோடி ஆகாது. அதுவும் இது யாருடைய கோடி? பிள்ளை பெறப் போய்ச் செத்தவளுடைய கோடி. அவளிடமிருந்து பறித்து என் பிள்ளைக்குச் சுற்றியிருக்கிறேன். நானே அவனைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டுவிட்டேன் என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சேலையை உருவி எறியலாம் என்றால் மாற்றுவதற்கு வேறு துணி இல்லை.

கணவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்து வந்தார். சிவப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏளா, இது எங்கன இருந்த துணி?”

நான் மேலே பார்த்தேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“காலைல ஆச்சிகிட்டச் சொல்லிருவோம்” என்றார்.

“சொன்னா, வெளிய போங்கன்னுருவாக. இந்தச் சாரல்ல பிள்ளையத் தூக்கிட்டு எங்கன போவிய? ஊர் பூரா குத்தால சீசனுக்கு வந்த ஆளுகதான் இருக்கு. ஒரு மாட்டுக்கொட்டாய்கூட காலி இல்ல.”

“சொல்லாம எப்படி இருக்க?” என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும், வைத்தியரிடம் மருந்து வாங்கவும், அப்படியே எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று பார்க்கவும் அவர் கிளம்பிப் போனார். ஆச்சியிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு மிச்சமானது. நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக முடியவில்லை. கடைசியில் அவளே திறந்துகொண்டு வந்தாள். பிள்ளை இருமுவது கேட்டிருக்கிறது.

வந்தவள் பிள்ளையைப் பார்த்தாள். அவன்மேல் கிடந்த சிவப்பைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய இன்னும் இரண்டு சிவப்புத் துண்டுகளையும் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். மூடியைக்கூட நான் சரியாக மூடவில்லை.

“கிழிச்சியா?” என்றாள்.

“கிழிச்சேன்.”

காலில் விழுந்திருக்க வேண்டும். விழுவதாகத்தான் இருந்தேன். ஆனால் பயம் அதிகமானால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “எம் பிள்ள நனஞ்சு கெடந்தான் ஆச்சி. அவன் உசிரோட இருக்கான், அவனுக்குத்தான் குளிரும். பெட்டிக்குள்ள இருக்கவளுக்குக் குளிருமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு என் வாயை நானே அறைந்துகொண்டேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். பாத்திரங்களை ஒரு சாக்கில் போட ஆரம்பித்தேன். உலக்கையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்றெல்லாம் யோசித்தேன். இரண்டு மாதம் முன்னால் அந்தக் கிணற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது நினைவுக்கு வந்து, அதற்காகவும் என்மேலேயே கோபம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திரும்பத் திறந்தது. ஆச்சி ஒரு தகரப் பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அதை நடு அறையில் விட்டுவிட்டு, முதலில் போய் மேற்குச் சன்னலைச் சாத்தினாள்.

“மேல பக்கத்துச் சன்னலத் தொறந்து போட்டுட்டு, பிள்ளைக்குச் சளின்னு அழுதா எப்படி? சாரக்காத்து எலும்புக்குள்ள போவும். எத்தன நாளா தொறந்து கெடக்கு?”

“வந்த நாள்ல இருந்து” என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டாள். பாயை இழுத்து அடுப்படிச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பிள்ளையை அங்கே மாற்றினாள். சுவரின் மறுபக்கம் அடுப்பு, அதனால் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. பிறகு அவள் உட்கார்ந்து தகரப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே சேலைகள். சிவப்பு, பச்சை, அரக்கு, மஞ்சள். பத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் மடிப்புக் கலையாமல், ஒரு தடவைகூட உடம்பில் படாமல் இருந்தன. ஊரே ஒரு முழத் துணிக்கு வரிசையில் நின்ற நேரம் அது.

“வருசம் ஒண்ணு மாத்துதேன். எடுத்த பழச வீட்டுப் பொம்பள யாராச்சும் உடுத்தணும். வெளி ஆளுக்குக் குடுக்கப்படாது. எனக்கு இன்னொரு மவ இல்ல. மருமவ இல்ல. நான் உடுத்த முடியுமா? பொட்டில போட்டுப் போட்டு வச்சிருக்கேன்” என்றாள். ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். “கிழி.”

நான் கையை எடுத்துக்கொண்டேன். “வேண்டாம் ஆச்சி. நேத்துச் செஞ்ச பாவமே போதும். கோடி பிள்ளைக்கு ஆகாதுல்லா? அதுல இருந்துதான் காய்ச்ச வந்திருக்கு.”

“ஆகாது, ஆகாதுன்னு சொன்னவதான் நானும்” என்றாள் ஆச்சி.

அவள் சேலையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

“ஏழு மாசத்துலயே கேட்டா. ‘யம்மா, ஆடி மாசம் பேறுகாலம் வரும், சாரல்ல துணி காயாது, பழைய சேல நாலு கிழிச்சுக் காய வச்சு எடுத்து வையி’ன்னா. பிள்ள பெறக்க முந்தித் துணி கிழிக்கப்படாது, ஆகாதுன்னு நான்தான் தடுத்தேன். ‘பெறக்கட்டும், ஒரு நிமிசத்துல கிழிச்சுப் போடுதேன்’னு சொன்னேன். எட்டாம் மாசமே வலி வந்துட்டு. அன்னைக்கு எட்டு நாள் சாரல். வீட்டுல காஞ்ச துணி ஒண்ணு இல்ல. எல்லாம் ஈரம். ஈரத்துணிலதான் பிள்ளையச் சுத்துனேன். ஒரு பகல் இருந்துச்சு. ‘யம்மா, குளுருதாம்மா அதுக்கு, குளுருதாம்மா’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. மறுநா அவளும் போயிட்டா.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் நான் பெட்டியிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. இவ்வளவு காலமும் அவள் அங்கே தொங்கவிட்டிருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகள் கேட்ட காய்ந்த துணி அது.

என் மகன் பிழைத்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்குச் சளி முழுக்க இறங்க ஆடி முடிந்தது. அந்த வீட்டில் நாங்கள் ஒன்பது வருஷம் இருந்தோம். ஆனால் அன்று காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. அவன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, நின்று நின்று வந்துகொண்டிருந்தது.

“கிழிப்போம் ஆச்சி” என்றேன்.

அவள் ஒரு மஞ்சள் சேலையை விரித்தாள். கரையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “எனக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. நீ கடிச்சு விடு.” நான் கடித்து விட்டேன். அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். “கெட்டியாப் பிடி” என்று சொல்லி இழுத்தாள்.

புதுத் துணி கிழிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அதில் பிள்ளை திடுக்கிட்டு விழித்தான். கையை உதறி, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் முகத்தைச் சுருக்கினான். பிறகு எங்கிருந்தோ மூச்சை இழுத்து வீறிட்டு அழுதான். இரண்டு நாளாக வராத சத்தம். நான் எழுந்து ஓடினேன். அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, ஆச்சி பாதி கிழிந்த சேலையைப் பிடித்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அந்தக் காய்ந்த துணியில் விழுந்தது.

“அழுவுதான்” என்றாள் என்னைப் பார்த்து. “அன்னைக்கு அது அழவே இல்லளா.”